“சோத்த விட்டாச்சு மிஸ், ரொட்டிதான்”

போன புதன்கிழமை, நான் டயட்டீஷியனாக, அதாவது உணவு ஆலோசகராக, இருக்கிற கிளினிக்குக்கு வந்த அம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. இன்னும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறார். வெறுவயிற்றில் பார்த்த இரத்தச் சீனி 246. கிளினிக் கொப்பியைப் புரட்டினால் மூன்று மாதமாக ஏறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. மாத்திரையை விட்டுவிட்டாரோ என்று மிச்சத்தை எண்ணிப் பார்த்தேன், கணக்குச் சரியாக இருந்தது. சாப்பாடு எப்படி என்று கேட்டேன். முகத்தில் ஒரு பெருமையோடு சொன்னார்: “சோத்த அறவே விட்டாச்சு மிஸ். மூணு நேரமும் ரொட்டிதான்.”

ஒரே மாதத்தில் ஆறு பேர் இதே வார்த்தையை என்னிடம் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பையில் இருந்த பகல் சாப்பாட்டை எடுக்கச் சொன்னேன். பத்திரிகைத் தாளில் சுற்றிய இரண்டு ரொட்டி, நடுவில் கட்டச் சம்பல். ஓரம் லேசாகக் கருகி, சுண்டுவிரல் தடிப்பில் இருந்தது. தராசில் வைத்தேன். ஒன்று 130 கிராம். தேங்காய்ப்பூவையும் தண்ணீரையும் கழித்தால் ஏறக்குறைய 85 கிராம் கோதுமை மா. நூறு கிராம் மாவில் 75 கிராம் மாச்சத்து இருக்கிறது. அப்படியானால் இந்த ஒரு ரொட்டியில் 60 கிராமுக்கு மேல், இரண்டிலும் சேர்த்து 125 கிராமுக்கு மேல். சமைத்த சோறு நூறு கிராமில் 28 கிராம்தான், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அந்த இரண்டு ரொட்டிக்கு ஈடாகச் சோறு வைக்க வேண்டுமென்றால் 450 கிராம், அதாவது தேத்தண்ணிக் கோப்பையால் மூன்று கோப்பை வைக்க வேண்டும். முன்பு எவ்வளவு சோறு சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். “ரெண்டு கோப்பைக்கு மேல எறங்காது மிஸ்” என்றார்.

இரண்டு கோப்பைச் சோற்றைப் பயந்து விட்டவர், அதைவிடக் கூடுதலான மாச்சத்தை ரொட்டியாகச் சுருட்டிக் கையில் வைத்திருக்கிறார். சோறு தட்டில் பரந்து கிடப்பதால் கண்ணுக்கு நிறையத் தெரிகிறது. ரொட்டி சின்னதாகத் தெரிகிறது. கண்ணுக்குத்தான் சின்னது, வயிற்றுக்குள் போனால் இரண்டும் குளுக்கோசுதான். இதை எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த மாதம் அதே பேச்சு. “ரொட்டி காஞ்சது மிஸ், சோத்துலதான் கஞ்சி இருக்கு.” கஞ்சி என்று நீங்கள் சொல்வது மாச்சத்தைத்தான். அது ரொட்டியிலும் இருக்கிறது, பாணிலும் இருக்கிறது, இடியப்பத்திலும் இருக்கிறது. வெலிமடை உருளைக்கிழங்கில்கூட இருக்கிறது. கிழங்குக் கறியை மரக்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். தொலைக்காட்சியில் யாரோ சீனி வருத்தக்காரருக்குச் சப்பாத்தி நல்லது என்கிறார். அவர் சொல்வது தவிட்டோடு அரைத்த ஆட்டா மாவில், கடதாசி போலத் தேய்த்த இரண்டு சப்பாத்தி. நாம் சுடுவது தவிடு நீக்கிய வெள்ளை மாவில், உள்ளங்கையால் தட்டிய ரொட்டி. பேர்தான் கிட்டத்தட்ட ஒன்று. குரக்கன் (கேழ்வரகு) கதையும் இதுதான். குரக்கனில் நார்ச்சத்து கூட, கல்சியம் கூட, நல்ல தானியம். ஆனால் நூறு கிராம் குரக்கன் மாவிலும் ஏறக்குறைய எழுபது கிராம் மாச்சத்து உண்டு. குரக்கன் என்பதற்காக நாலு ரொட்டி சாப்பிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்லவே இல்லை.

ரொட்டியைத் திட்ட எனக்கு மனம் வராது. நானும் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வளர்ந்தவள். எழுபதுகளில் அரிசி கிடைக்காத காலத்தில் மாவை வைத்துத்தான் பிள்ளைகளை உயிரோடு காப்பாற்றினோம் என்று அம்மாச்சி சொல்வார். விடியக்காலை ஐந்து மணிக்கு எழும்பி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் (குழந்தைக் காப்பகத்துக்கும்) அனுப்பிவிட்டு மலைக்கு ஓடுகிற பெண்ணுக்கு ரொட்டியைப் போல உதவுகிற சாப்பாடு வேறில்லை. ஊசிப் போகாது, கறி வேண்டாம், மழையில் நின்றபடியே ஒரு கையால் சாப்பிடலாம். இதெல்லாம் தெரியாதவர்கள் அச்சடித்த டயட் தாளைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். காலையில் ஓட்ஸ், பத்து மணிக்கு அப்பிள், மாலையில் கொழுப்பு நீக்கிய பால், இரவில் சலாட். தோட்டத்துச் சம்பளத்தில் வாழ்கிற ஒருவர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? மடித்து அலுமாரியில் வைப்பார். அதைத்தான் செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

டயட்டீஷியன் என்றால் “இதைச் சாப்பிடாதே, அதைச் சாப்பிடாதே” என்று பட்டியல் போடுகிறவள் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். எழும்பியதிலிருந்து படுக்கும்வரை நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்கு, எந்த மாத்திரையோடு, என்ன வேலைக்கு நடுவில் என்று கேட்டு, அதில் எதை நகர்த்தினால் உங்கள் வருத்தம் குறையும் என்று கணக்குப் போடுவதுதான் என் வேலை. அந்த அம்மாவிடம் ரொட்டியை விடச் சொல்லவில்லை. தோடம்பழ அளவில் பிடிக்கிற மா உருண்டையை எலுமிச்சம்பழ அளவாக்கச் சொன்னேன். மாவோடு கரட்டையும் வல்லாரையையும் அரிந்து போட்டுப் பிசையச் சொன்னேன். சம்பலோடு நிறுத்தாமல் அவித்த கடலையோ ஒரு முட்டையோ கெட்டிப் பருப்போ வைக்கச் சொன்னேன். இரவில் ஒன்றரைக் கோப்பைச் சோறு, தட்டில் பாதிக்கு மரக்கறி. “சோறு சாப்பிடலாமா மிஸ்?” என்று இரண்டு தடவை கேட்டார். கண் கலங்கிவிட்டது. மூன்று மாதமாக ஆசையை அடக்கி, சீனியையும் ஏற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்.

தேத்தண்ணிக்கு வருவோம். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி. கரண்டிக்கு 5 கிராம் வைத்தால் 75 கிராம். வளர்ந்த ஒருவருக்கு நாள் முழுவதும் 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, அதுவும் வருத்தம் இல்லாதவருக்கு. சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக் குடிக்கிற நம் பழைய பழக்கம் ஒரு வகையில் நல்லது, குறையத்தான் போகும். அதையும் மெல்ல மெல்லக் குறையுங்கள். கருப்பட்டி என்றால் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தேத்தண்ணியால் வேறொரு தொல்லையும் உண்டு. சாப்பாட்டோடு சாயத் தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ள விடாது. தோட்டத்துப் பெண்களில் இரத்தச்சோகை எவ்வளவு என்று கிளினிக்கில் கண் இமையை இழுத்துப் பார்க்கிற எங்களுக்குத் தெரியும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டில் தேசிக்காய் பிழியுங்கள், கொய்யாப்பழம் கிடைத்தால் சாப்பிடுங்கள். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கிற இரும்பு மாத்திரையைத் தயவுசெய்து தேத்தண்ணியால் விழுங்காதீர்கள். கிளினிக்கில் தருகிற திரிபோஷாச் சத்துமாவை வீட்டில் எல்லோருக்கும் பங்கு வைக்காதீர்கள், அது உங்களுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் தந்தது. (இரும்புச்சத்துக் குறைந்தவருக்கு மூன்று மாதச் சீனிச் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி பரிசோதனை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். சீனி அறிக்கையோடு இரத்தச்சோகை அறிக்கையையும் சேர்த்துப் பார்க்கும்படி சக ஊழியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.)

எனக்கு நித்திரை வராமல் செய்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. கிளிக்லசைட் மாத்திரையைப் போட்டுவிட்டு, அல்லது இன்சுலின் ஏற்றிவிட்டு, “நேரமாச்சு” என்று வெறும் தேத்தண்ணியோடு மலை ஏறுகிறீர்கள். நாள் சம்பளத்துக்குப் பேர் போட வேண்டும், கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைச் சம்பளம்தான், எனக்குத் தெரியும். ஆனால் மருந்து சீனியை இறக்குகிறது, ஏற்றமும் இறக்கமும் சீனியை இறக்குகின்றன, வயிற்றில் ஒன்றும் இல்லை. பத்து மணிக்குக் கை நடுங்கும், குப்பென்று வேர்க்கும், கண் இருட்டும், பேச்சுக் குழறும். பக்கத்து நிரையில் நிற்பவர் வெயில் மயக்கம் என்று நினைத்து நிழலில் படுக்க வைப்பார். படுக்க வைத்தால் போதாது! உணர்வு இருந்தால் உடனே மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணித்தியாலத்தில் தெளியாவிட்டால் திரும்பவும் கொடுங்கள், தெளிந்ததும் சாப்பிட வையுங்கள். உணர்வு இல்லை என்றால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். இந்த மருந்து பாவிப்பவர்கள் சீனிப் பொட்டலம் ஒன்றை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். உங்களுக்குச் சீனி வருத்தம் இருப்பதைப் பக்கத்தில் வேலை செய்பவரிடம் சொல்லி வையுங்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

“நாள் முழுக்க மலை ஏறுறேன், மெலிஞ்சுதான் இருக்கேன், எனக்கெப்படி சீனி?” என்று கேட்பவர்களும் உண்டு. நம் உடம்பு வாகுக்கு நிறையைவிட வயிற்றுச் சுற்றளவுதான் முக்கியம். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் ஆண்களுக்கு 90ஐயும் தாண்டக் கூடாது. கையும் காலும் குச்சியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் வந்தால் அது ஆபத்தான மெலிவு. ஆஸ்பத்திரியில் இருக்கிற ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் நிறை, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். போய்ப் பாருங்கள்.

தைராய்டுக்காரர்களுக்கு இரண்டே வார்த்தை. தைரொக்சின் மாத்திரை வெறுவயிற்றில், தண்ணீரோடு. பால் தேத்தண்ணி அரை மணித்தியாலம் கழித்து, ஒரு மணித்தியாலம் என்றால் இன்னும் நல்லது. இரும்பு, கல்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நாலு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். கோவாவை (முட்டைக்கோஸை) கண்டு ஓடாதீர்கள். நுவரெலியாவில் விளைகிற கோவா, நோக்கோல், ராபு எல்லாம் விலக்கு என்று ஒருவர் ஒரு வருடமாக மரக்கறியே தொடாமல் இருந்திருக்கிறார். சமைத்து, வழக்கமான அளவில் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போன பிள்ளைகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். போன மாதம் ஒரு தங்கச்சி வந்தாள். 22 வயது, 78 கிலோ, ஐந்து மாதமாக மாதவிலக்கு இல்லை, நாடியில் ரோமம். சூலகத்தில் நீர்க்கட்டி என்று சொல்லியிருக்கிறார்கள். காலையில் பட்டினி, பகலுக்கு பணிஸ், இரவு பத்து மணிக்குக் கொத்து ரொட்டி. ஃபேஸ்புக்கில் பார்த்து ஒரு மாதச் சம்பளத்துக்கு மெலிகிற பவுடர் வேறு வாங்கியிருக்கிறாள். கூட வந்த அம்மா, “கல்யாணம் கட்டுனா சரியாப் போயிரும்” என்கிறார். சரியாகப் போகாது அம்மா. பலருக்கு இதன் வேரில் இருப்பது இன்சுலின் சரியாக வேலை செய்யாத கோளாறு. இன்று கவனிக்காவிட்டால் நாளை கர்ப்பத்தில் சீனி வரலாம், பிறகு அது நிரந்தரச் சீனியாகவும் ஆகலாம். அவள் ஐம்பது கிலோவுக்கு இறங்க வேண்டாம். நாலைந்து கிலோ, மெதுவாக, ஆறு மாதத்தில் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. காலைச் சாப்பாட்டைத் திரும்பத் தொடங்கினோம். இரவுக் கொத்தை வாரத்துக்கு ஒரு நாளாக்கினோம். பவுடரை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

காமரங்கா (நட்சத்திரப் பழம்) சாறு சீனியை இறக்கும் என்று குடிப்பவர்களே, கெஞ்சிக் கேட்கிறேன், நிறுத்துங்கள். அதில் இருக்கிற ஒக்சலேற் சிறுநீரகத்தை அடைத்துவிடும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவருக்கு அந்தச் சாறு மூளையையும் தாக்கும், உயிருக்கே ஆபத்து. கொத்தல ஹிம்புட்டு, தெபு இலை என்று எந்த நாட்டு மூலிகை பாவித்தாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள். மாத்திரையோடு அவையும் சேர்ந்தால் சீனி எதிர்பாராமல் இறங்கலாம்.

இனி, அடுத்த கிளினிக் நாளைப் பற்றி. இரத்தம் எடுக்கிறார்கள் என்று முதல் பஸ்ஸில் வெறுவயிற்றோடு வருகிறீர்கள். எட்டு மணிக்கு இரத்தம் கொடுத்துவிட்டு, டொக்டரைப் பார்க்கும்வரை சாப்பிடக் கூடாதாக்கும் என்று பன்னிரண்டு மணிவரை வாங்கில் சாய்ந்துகொண்டு இருக்கிறீர்கள். ஊசி குத்திய இடத்துப் பஞ்சை எடுத்து எறிந்ததும் சாப்பிடலாம். வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள், ரொட்டி என்றாலும் பரவாயில்லை, காலை மருந்தை அதோடு போடுங்கள். பாதியை மிச்சம் வைத்து எனக்கும் காட்டுங்கள், தராசு மேசையில்தான் இருக்கிறது.