உயிரோடு இருக்கிறது, வேலை செய்கிறதா?

செயலியில் நாம் தட்டும் ஒவ்வொரு கோரிக்கையும் பின்னணிச் சேவைகளைத் தொடும் முன் ஏபிஐ கேட்வேயைக் கடக்க வேண்டும். வருவது யார், அனுமதி உண்டா, அளவுக்கு மீறிக் கேட்கிறாரா என்று அது பார்த்து அனுப்பும். அது படுத்துவிட்டால் பின்னால் எல்லாம் நலமாக இருந்தும் பயனில்லை. அதனால்தான் அதைப் பல நோடுகள் (தனித்தனியாக ஓடும் பிரதிகள்) கொண்ட கிளஸ்டராக ஓட்டி, முன்னால் கோரிக்கைகளைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு லோட் பேலன்சரை வைக்கிறார்கள்.

லோட் பேலன்சர் ஒவ்வொரு நோடையும் விடாமல் விசாரித்துக்கொண்டே இருக்கும். ஹெச்ஏபிராக்ஸி என்ற லோட் பேலன்சரில் இந்த விசாரிப்பை, அதாவது ஹெல்த் செக்கை இயக்கினால், வேறு எதுவும் சொல்லாதவரை 2 விநாடிக்கு ஒருமுறை கேட்கும். தொடர்ந்து 3 முறை பதில் தவறினால் அந்த நோடை ஒதுக்கிவிடும். 2 முறை சரியாக வந்தால் மீண்டும் சேர்க்கும். முதல் தவறிலேயே ஒதுக்கினால் என்ன? நெட்வொர்க் லேசாகத் தடுமாறும்போதெல்லாம் நோடுகள் போவதும் வருவதுமாக இருக்கும். இது வரை எளிது.

என்ன கேட்பது என்பதில்தான் சிக்கல். போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால், உள்ளே உறைந்துபோன நோடும் தேறிவிடும். சரி, டேட்டாபேஸ் வரை சோதிப்போம் என்றால் அது இன்னும் ஆபத்து. எல்லா நோடுகளும் நம்பியிருப்பது ஒரே டேட்டாபேஸை. அது அரை நிமிடம் திணறினால் அத்தனை நோடுகளும் ஒரே சமயத்தில் 'எனக்கு முடியவில்லை' என்று சொல்லும். லோட் பேலன்சரும் எல்லாவற்றையும் விலக்கிவிடும். இத்தனைக்கும் காங் போன்ற கேட்வேக்கள் ரூட் விவரங்களை (எந்தக் கோரிக்கை எந்தச் சேவைக்குப் போகவேண்டும் என்பதை) நினைவகத்திலேயே வைத்திருப்பதால், டேட்டாபேஸ் இல்லாமலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கக்கூடியவை. காப்பாற்ற வைத்த சோதனையே கிளஸ்டரைக் கவிழ்த்துவிடும்.

கன்டெய்னர்களில் (தனிப் பொதிகளில்) ஓடும் மென்பொருள்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் இதனால்தான் கேள்வியை இரண்டாகப் பிரிக்கிறது: உயிரோடு இருக்கிறதா (லைவ்னஸ்), வேலைக்குத் தயாரா (ரெடினஸ்). லைவ்னஸ் தவறினால் கன்டெய்னரை மறுதொடக்கம் செய்யும்; ரெடினஸ் தவறினால் டிராஃபிக்கை மட்டும் நிறுத்தும். டேட்டாபேஸ் சோதனையைக் கொண்டுபோய் லைவ்னஸில் வைக்காதீர்கள். டேட்டாபேஸ் திணறும் நேரம் பார்த்து கேட்வேக்கள் எல்லாம் வரிசையாக ரீஸ்டார்ட் ஆகும்.

இதே பிரித்தனுப்பும் வேலையைச் செய்யும் என்வாய் என்ற மென்பொருளின் அணுகுமுறை எனக்கு மிகவும் பிடித்தது. நலமான நோடுகள் 50 சதவீதத்துக்குக் கீழே போனால், சோதனை முடிவுகளையே அது ஓரம் கட்டிவிட்டு எல்லா நோடுகளுக்கும் டிராஃபிக்கைப் பகிரும். மிச்சமிருக்கும் சில நோடுகள் மேல் மொத்தப் பளுவும் விழுந்து அவையும் சாய்வதைவிட, சில கோரிக்கைகள் தோற்பது மேல் என்ற கணக்கு.

பளுவைத் தனியாகக் கண்காணிப்பதும் இதற்காகத்தான். 3 நோடுகள் தலா 60 சதவீதத்தில் ஓடும்போது ஒன்று விழுந்தால், மற்ற இரண்டும் 90-ஐத் தொடும். டாஷ்போர்டில் பச்சைதான், மூச்சுவிட இடமிருக்காது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோளாறு, நோடுகளுக்குள் ஒத்துப்போகாமை. காங்கின் ஹைப்ரிட் முறையில் கன்ட்ரோல் பிளேன் என்ற நிர்வாக நோடு அமைப்புகளை அனுப்ப, கோரிக்கைகளைக் கையாளும் நோடுகளான டேட்டா பிளேன்கள் பெற்றுக்கொள்கின்றன. இணைப்பு அறுந்தாலும் டேட்டா பிளேன் பழைய அமைப்பை வைத்துக்கொண்டு சளைக்காமல் பதில் சொல்லும். புது ரூட்டைச் சேர்த்த பிறகு, 'ஒரு தடவை வருது, அடுத்த தடவை 404 (கிடைக்கவில்லை) வருது' என்று புகார் வந்தால் ஹெல்த் செக்கைப் பார்த்துப் புண்ணியமில்லை. ஒவ்வொரு டேட்டா பிளேனும் தன்னிடம் உள்ள அமைப்பின் ஹேஷை (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் சுருக்கக் குறியீட்டை) கன்ட்ரோல் பிளேனுக்குத் தெரிவிக்கும். கடைசியாகத் தொடர்புகொண்ட நேரமும் அங்கே பதிவாகும். ஹேஷ் எந்த நோடில் மாறுபடுகிறதோ அங்கிருந்து தேடலைத் தொடங்கலாம்.