செக்கோயா நாற்றைச் சாகாமல் வளர்ப்பது எப்படி?

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் நிற்கும் ஜெனரல் ஷெர்மன், 83 மீட்டருக்கும் மேல் உயர்ந்த ராட்சத செக்கோயா மரம். ஒற்றைத் தண்டு மரங்களில், கன அளவில் உலகிலேயே பெரியது. இந்த இனத்தின் விதையோ ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 2 லட்சம் தேறும். அவல் போலத் தட்டையான அந்த விதைக்குள் சேமிப்பு உணவு மிகக் குறைவு. வீட்டில் வளர்ப்பவர்கள் முதல் ஆண்டில் படும் பாடெல்லாம் இதனால்தான்.

விதையை 24 மணி நேரம் ஊறவைத்து, நனைத்துப் பிழிந்த காகிதத் துண்டில் பரப்பி, ஜிப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் 30 முதல் 60 நாள் வையுங்கள். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. குளிர் பட்ட விதைகள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் முளைக்கும். நல்ல விதையிலும் பாதிக்கு மேல் பொய்க்கலாம். பத்து நாற்று வேண்டுமென்றால் ஐம்பது விதையாவது போடுங்கள்.

மண்கலவையில் மணலும் பெர்லைட்டும் (எரிமலைப் பாறையைச் சூடாக்கிப் பொரித்த வெள்ளை மணிகள்) பாதி, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) பாதி. தொழுவுரமோ இலைமட்கோ வேண்டாம். காட்டில் தீ சருகை எரித்து வெறும் மண்ணை வெளிக்காட்டும். அதே வெப்பத்தில் பல ஆண்டு மூடிக் கிடந்த, விதை தாங்கும் கூம்புகள் காய்ந்து திறக்க, விதை அந்த மண்ணில் விழும். சருகின் மேல் விழுந்தால், வேர் மண்ணைத் தொடுமுன் காய்ந்துவிடும். தொட்டியில் 3 மில்லிமீட்டர் மணல் மூடினால் போதும்.

அதிகம் பலிவாங்குவது நாற்றழுகல் நோய். தண்டு மண்ணைத் தொடும் இடம் நீர்கோத்து, பழுப்பாகி, நூலாய் இளைக்கும். மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் சாய்ந்து கிடக்கும். அதைக் காப்பாற்ற முடியாது. சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி எறியுங்கள். ஈரம் தேங்குவதும் காற்று ஓடாததுமே காரணம் என்பதால், தொட்டியைப் பிளாஸ்டிக்கால் மூடியிருந்தால் முளை தெரிந்ததும் அந்த மூடியை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பயந்து காயவிட்டால் அதுவும் ஆபத்து, வாடிய நாற்று பெரும்பாலும் மீளாது. மேல்மணல் வெளுக்கத் தொடங்கும்போது தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் கால் மணி நேரம் வைத்தெடுங்கள். வேர் கீழிருந்து குடிக்கும், தண்டின் அடி உலர்ந்தே இருக்கும்.

ஆணிவேர் வேகமாக இறங்குவதால் தொட்டி 20 சென்டிமீட்டர் ஆழமாவது இருக்கட்டும். ஆழமில்லாத தொட்டியில் வேர் சுருண்டு, பின்னாளில் மரத்தின் பிடிமானத்தையே கெடுக்கும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. ஓய்வெடுக்க அதற்குக் குளிர் வேண்டும். ஆனால் தொட்டி மண் உறைந்தால் வேர் சாகும், அதனால் தொட்டியைத் தரையில் புதைத்து வையுங்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்து, வீட்டுச் சுவரிலிருந்து 20 மீட்டராவது தள்ளி, முழு வெயில் விழும் இடத்தில் நடலாம்.