எஞ்சின் விக்கினால் டீகோடரைப் பழிக்காதீர்கள்

சவுண்ட் வைத்த மாடல் ரயில் எஞ்சின்களைப் பற்றி அடிக்கடி வரும் புகார் இது: "ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்று, மறுபடி முதலிலிருந்து ஸ்டார்ட் ஆகிறது. டீகோடர் போயிடுச்சு." எஞ்சினுக்குள் இருந்து மோட்டார், விளக்கு, சத்தம் எல்லாவற்றையும் இயக்கும் சின்ன சர்க்யூட்தான் டீகோடர். பெரும்பாலும் அது போயிருக்காது. தண்டவாளத்துக்கும் டீகோடருக்கும் நடுவே எங்கோ கரண்ட் விட்டுவிட்டு வருகிறது, அவ்வளவுதான்.

எச்ஓ அளவில், அதாவது 1:87 விகிதத்தில் வரும், இஎம்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் எஸ்டி40-2 மாடலை எடுத்துக்கொள்வோம். அசல் வண்டி 1972இல் உற்பத்திக்கு வந்த 3,000 குதிரைத்திறன் அமெரிக்க சரக்கு எஞ்சின். மாடலின் நீளம் சுமார் 24 செ.மீ. டீகோடர் இல்லாத பழைய டிசி மாடலில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் கரண்ட் போனாலும் மோட்டாரோடு சுழலும் கனமான ஃப்ளைவீல் இழுத்துக்கொண்டு போய்விடும், யாருக்கும் தெரியாது. டீகோடர் அப்படியில்லை, அது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். கரண்ட் அறுந்தால் ரீஸ்டார்ட் ஆகும், கூடவே சத்தமும் பூச்சியத்திலிருந்து தொடங்கும்.

ஆகவே முதல் வேலை சக்கரம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த டிஷ்யூ பேப்பரைத் தண்டவாளத்தின் குறுக்கே விரியுங்கள். ஒரு போகியை (எஞ்சினுக்கு அடியிலுள்ள சக்கரத் தொகுதியை) பேப்பர் மேலும், இன்னொன்றை வெறும் தண்டவாளத்திலும் நிறுத்தி, எஞ்சினைக் கையால் பிடித்தபடி மெதுவாக ஓட விடுங்கள். பேப்பரில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். இடம் மாற்றி, கோடு விழாமல் போகும்வரை செய்துவிட்டு அடுத்த போகிக்குப் போங்கள். பிடிக்கும்போது கைப்பிடிக் கம்பிகளில் விரல் படக்கூடாது. எரிபொருள் டேங்க் பக்கம்தான் பிடிக்க வேண்டும். தண்டவாளத்தில் உப்புத்தாள் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அது போடும் கீறல்களில்தான் அடுத்த வாரம் அழுக்கு அடையும்.

அடுத்தது வயரிங். தண்டவாள இணைப்புத் தகடுகளை மட்டும் நம்பினால் ஒரு மழைக்காலத்துக்குள் ஏமாற்றிவிடும். சுமார் 1 மீட்டருக்கு ஒரு ஃபீடர் வயர் கொடுத்து, அடியில் ஓடும் தடித்த மெயின் வயரில் சால்டர் செய்யுங்கள். பிறகு நாணயச் சோதனை: பவர் இருக்கும்போதே ஒரு நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். தண்டவாளத்துக்குப் பவரும் கட்டளையும் அனுப்பும் கமாண்ட் ஸ்டேஷன் உடனே டிரிப் ஆக வேண்டும். லேஅவுட்டின் கடைக்கோடியில் வைத்து டிரிப் ஆகாவிட்டால் அங்கே வயர் மெலிசு என்று அர்த்தம். ஷார்ட் ஆன இடத்தில் டிரிப் ஆகாமல் பல ஆம்பியர் தொடர்ந்து பாய்ந்தால், போகியின் பிளாஸ்டிக் உருகிவிடும்.

இதெல்லாம் சரியான பிறகுதான், கரண்ட் ஒரு கணம் விட்டாலும் டீகோடரைத் தாங்கிப் பிடிக்கும் கீப் அலைவ் கெப்பாசிட்டர். அழுக்கை மறைக்க அதை வைப்பது, ஒழுகும் கூரைக்கடியில் பாத்திரம் வைத்த கதை. இன்னொன்று: கீப் அலைவ் இருக்கும் எஞ்சினை, அமைப்புகளை மாற்றுவதற்கான தனித் தண்டவாளமான புரோகிராமிங் டிராக்கில் வைத்தால் சிவி மதிப்புகளை, அதாவது டீகோடரில் எண்களாகப் பதிந்திருக்கும் அமைப்புகளை, படிக்க முடியாமல் பிழை காட்டலாம். அப்போது மெயின் டிராக்கிலேயே எழுதிப் பாருங்கள்.

புது எஞ்சின் முகவரி 3இல் வரும். முகவரி என்பது அந்த எஞ்சினை மட்டும் அழைக்கும் எண். மாற்றும் முன் அந்த 3இலேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். டிசிசியில், அதாவது டீகோடருக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறையில், மட்டும் ஓட்டுவதானால் சிவி 29இல் அனலாக் வசதியை (சாதாரண டிசியிலும் ஓடுவதை) அணைப்பது நல்லது: குறும் முகவரிக்கு 2, நான்கு இலக்க முகவரிக்கு 34. அணைக்காவிட்டால் சிக்னல் குழம்பும் நேரத்தில் எஞ்சின் தன்னிச்சையாக முழு வேகத்தில் பாயலாம். பாய்ந்தால் நிற்கும் இடம் பெரும்பாலும் தரைதான். அமைப்புகள் குழம்பிப்போனால் பல டீகோடர்களில் சிவி 8இல் 8 எழுதினால் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். எல்லா நிறுவனத்துக்கும் இது பொருந்தாது, கையேட்டைப் பாருங்கள்.

பழைய எஞ்சினில் டீகோடரை நீங்களே பொருத்துவதானால், உண்மையிலேயே டீகோடர் சாகும் இடம் இதுதான். மோட்டாரின் இரண்டு பிரஷ் முனைகளும் சேசிஸையோ சக்கரங்களையோ தொடக்கூடாது. மல்டிமீட்டரைப் பீப் நிலையில் வைத்துப் பாருங்கள், ஒரு பீப் கேட்டாலும் பவர் கொடுக்காதீர்கள். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்குக்கு, மஞ்சள் பின்விளக்குக்கு, நீலம் விளக்குகளின் பொதுப் பாசிட்டிவ். எல்இடிக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். நீல வயரில் ஏறக்குறைய தண்டவாள வோல்டேஜே வருகிறது என்பதை மறந்தால் எல்இடி ஒருமுறை பளிச்சிட்டு அணைந்துவிடும்.

ஸ்பீக்கருக்குப் பின்னால் மூடிய பெட்டி இல்லையென்றால் முன்பக்க ஒலியைப் பின்பக்க ஒலி தின்றுவிடும், கேட்பதற்குக் கொசு ரீங்காரம் மாதிரி இருக்கும். அதற்காக வால்யூமை ஏற்றாதீர்கள், பெட்டியின் விளிம்பில் காற்று கசிகிறதா என்று பாருங்கள். ஓம் மதிப்பும் முக்கியம். சில பழைய டீகோடர்கள் 100 ஓம் ஸ்பீக்கருக்கு மட்டுமே செய்யப்பட்டவை. அவற்றில் 8 ஓம் மாட்டினால் ஆம்ப்ளிஃபையர் எரியும்.

சத்தத்திலும் ஏமாறலாம். எஸ்டி40-2இன் 16 சிலிண்டர் 645 எஞ்சின் டூ ஸ்ட்ரோக், டர்போ உள்ளது. குறைந்த வேகத்தில் அந்த டர்போவை எஞ்சினே கியர் வழியாகச் சுற்றுவதால், ஐடிலிலும் மெல்லிய விசில் ஒன்று கூடவே இருக்கும். நம்மூர் டபிள்யூடிஜி-4 டீசல் எஞ்சின் நிற்கும்போது கேட்டவர்களுக்கு இந்தக் குடும்பச் சத்தம் தெரியும். ஆல்கோ டபிள்யூடிஎம்-2இன் ஃபோர் ஸ்ட்ரோக் தடதடப்பு முற்றிலும் வேறு. எஸ்டி40-2 மாடலில் அந்த விசிலே இல்லையென்றால் டர்போ இல்லாத இன்னொரு இஎம்டி எஞ்சினான ஜிபி38-2இன் சவுண்ட் ஃபைலை ஏற்றியிருக்கிறார்களா என்று சந்தேகப்படுங்கள்.

கடைசியாக மேல்கூட்டை மாட்டும்போது, வயர்கள் ஃப்ளைவீலில் உரசாமல் சூடு தாங்கும் கேப்டான் டேப்பால் ஒட்டுங்கள். கூடு இறுகலாக இருந்தால் அழுத்தாதீர்கள், உள்ளே ஏதோ வயர் நசுங்குகிறது.