சம்மாங்கோட்டுப் பள்ளியும் நம் மூளையும்

கொழும்பு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில், கடைகளுக்கும் சுமை தூக்கும் நாட்டாமிகளின் வண்டிகளுக்கும் நடுவே சிவப்பு வெள்ளைக் கோடுகளோடு எழுந்து நிற்கிறது சம்மாங்கோட்டுப் பள்ளி என்னும் பள்ளிவாசல். 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்தார்கள். வடிவமைத்த ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை முறையாகக் கட்டடக்கலை படித்தவர் அல்லர். ஆனாலும் ஒருமுறை பார்த்தவருக்கு அந்தக் கோடுகள் மறக்காது. மூளையின் பார்வைப் பகுதியில் உள்ள பல நரம்புக் கலங்கள், ஒரே சீரான நிறத்தைவிட நிறம் மாறும் விளிம்புக்கே அதிகம் துடிக்கும். இந்தச் சுவர் முழுக்க விளிம்புதான்.

சரி, கண்ணில் பதிவது வேறு, மனதில் ஒட்டுவது வேறு. ஒட்டுவது வாசலைத் தாண்டிய பிறகுதான். செருப்பைக் கழற்றியதும் வெயிலில் சுட்ட பாதம் குளிர்ந்த தரையைத் தொடுகிறது. வுழூ, அதாவது தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுதல், செய்த முகத்தின் ஈரம் ஆவியாகும்போது தோலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பெரிய மண்டபத்தில் ஓதும் குரல் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி, ஓதி நிறுத்திய பிறகும் சற்றுத் தங்கும். கூரை உயர உயர அது நீளும். கம்பளம் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் நெற்றியைத் தரையில் வைத்துப் பணியும் ஸுஜூது. கடையையும் ஆபீசையும் கண்ணாலும் காலாலும் அறிகிறோம். பள்ளியின் தரையை நெற்றியும் அறியும். அதுவும் ஒரு நாளைக்கு ஐந்து வேளை, அதே வரிசையில்.

இப்படி அறிந்த இடத்தின் நினைவு போய்ச் சேரும் இடம், மூளையின் உட்பகுதியில் உள்ள ஹிப்போகாம்பஸ். ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு எலி போகும்போது மட்டும் துடிக்கும் கலங்கள் அங்கே இருப்பதை 1971இல் நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஓகீஃப் அறிவித்தார். 2014இல் நோபல் பரிசு பெற்றார். நடந்தவற்றை நினைவாகக் கட்டிவைப்பதும் இதே பகுதிதான். உணர்ச்சிக்குரிய அமிக்டலாவோ அதை ஒட்டினாற்போல் இருக்கிறது. 'எங்கே' என்பதும் 'எப்படி இருந்தது' என்பதும் மூளைக்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

மற்றப் புலன்களின் செய்தி, மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் என்னும் இடைநிலையம் வழியாகத்தான் மேலே போகும். வாசனை மட்டும் அங்கே நிற்காமல் நேரே அமிக்டலாவுக்கே போய்விடும். ஏழு வயதில் இந்தப் பள்ளியின் ஒரு தூணருகே, வாப்பாவின் பக்கத்தில் ஸஃப்பில், அதாவது தொழுகை வரிசையில், நின்றபோது அவர் சட்டையில் இருந்த அத்தர் இப்போதும் எனக்கு மணக்கிறது. வாப்பா மௌத்தாகிப் பல வருடமாகிறது. ஜும்ஆவுக்குப் போனால், அந்தத் தூணுக்கு வலப்பக்கம் இடம் இருக்கிறதா என்றுதான் இன்றும் என் கால் முதலில் தேடிப் போகிறது.