அசிஸ்டட் லிவிங்கில் அப்பா அம்மா: ஃப்ளூ ஊசி இலவசம்தான், ஆனால் தானாக வராது

அமெரிக்காவில் மெடிகேர் (முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பார்ட் பி, அதாவது மருத்துவர் செலவுக்கான பகுதி, இருக்கிற முதியவர்களுக்கு ஒவ்வொரு ஃப்ளூ சீசனுக்கும் ஒரு தடுப்பூசி இலவசம். போடுகிறவர் மெடிகேர் கொடுக்கும் தொகையை ஏற்றுக்கொள்பவராக இருந்தால் கையிலிருந்து ஒரு டாலர்கூடத் தர வேண்டாம். விதி இவ்வளவுதான். இருந்தும் அசிஸ்டட் லிவிங்கில் (அன்றாட வேலைகளுக்கு உதவி கிடைக்கும் முதியோர் இல்லத்தில்) இருக்கிற எத்தனையோ பேர் ஊசி போடாமலே டிசம்பரைத் தொடுகிறார்கள்.

முதல் குழப்பம் இடத்தைப் பற்றியது. மெடிகேர், மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) அங்கீகாரம் பெற்ற நர்சிங் ஹோம் (நர்ஸ் கவனிப்புள்ள இல்லம்) என்றால், அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை அங்கே இருப்பவர்களுக்கு ஊசியின் பலனையும் பக்கவிளைவையும் விளக்கி, போட்டுக்கொள்கிறீர்களா என்று கேட்டு, பதிலைப் பதிவு செய்ய வேண்டும் என்பது மத்திய அரசு விதி. அசிஸ்டட் லிவிங்குக்கு அது பொருந்தாது. அங்கே மாநிலச் சட்டம்தான், அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி மாதாமாதம் பணம் கட்டுகிற பிள்ளைகளிடம் இதை யாரும் சொல்வதில்லை. செப்டம்பரிலேயே மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: ஊசி முகாம் என்றைக்கு, எந்த ஃபார்மசி வருகிறது, ஒப்புதல் படிவம் யார் கைக்கு வரும்?

அதிகம் பேர் கோட்டைவிடுவது அந்தப் படிவத்தில்தான். அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். மறதி நோய் இருக்கிற அம்மா அதை என்ன செய்வார்? கையெழுத்து இல்லை என்று பெயரை விட்டுவிடுவதையும், சில சமயம் "மறுத்துவிட்டார்" என்றே எழுதிவைப்பதையும் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது. நீங்கள் கையெழுத்துப் போடுவதென்றால் பண விவகாரத்துக்கான பவர் ஆஃப் அட்டர்னி போதாது. மருத்துவ முடிவுகளுக்கான பத்திரம் வேண்டும், அதன் நகல் இல்லத்தின் கோப்பில் இருக்க வேண்டும்.

அப்புறம் மெடிகேர் கார்டு. பார்ட் ஏ (மருத்துவமனைச் செலவுக்கான பகுதி) மட்டும் இருந்தால் இந்த ஊசி அதில் வராது. அட்வான்டேஜ் திட்டம் (தனியார் நிறுவனம் வழியாக வரும் மெடிகேர்) என்றால் முகாமுக்கு வருகிற ஃபார்மசி அந்தத் திட்டத்தின் நெட்வொர்க்கில் (ஒப்பந்தப் பட்டியலில்) இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள், பில் வந்த பிறகு போனில் மல்லுக்கட்டுவது பெரும் பாடு.

"ஜனவரியில்தான் போட்டீர்கள், இந்த வருஷம் இனி கிடையாது" என்று கவுன்டரில் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். கணக்கு சீசனுக்குத்தான், காலண்டர் வருஷத்துக்கு இல்லை. ஜனவரியில் ஒன்று, அதே வருஷம் அக்டோபரில் அடுத்தது, இரண்டுக்கும் மெடிகேர் பணம் கொடுக்கும்.

எந்த ஊசி என்பதையும் கேளுங்கள். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஃப்ளூசோன் ஹை-டோஸ், ஃப்ளுவாட், ஃப்ளுபிளாக் இவற்றில் ஒன்றுதான் முதல் பரிந்துரை, மெடிகேரில் அவையும் அடக்கம். மூன்றுமே கையிருப்பில் இல்லையா, சாதாரண ஊசியைப் போட்டுவிடுங்கள். எதிர்ப்பு சக்தி உருவாகவே சுமார் 2 வாரம் ஆகும், காத்திருப்பதில் நஷ்டம்தான்.

ஊசி போட்டவருக்கும் ஃப்ளூ வரலாம். வயதானவர்களுக்கு உடம்பு சுடாமலே, சாப்பாட்டை ஒதுக்குவது, பேச்சில் குழப்பம் என்றுகூட ஆரம்பிக்கும். ஆன்டிவைரல் மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன், எனவே சந்தேகம் வந்த அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மாத்திரைக்கு பார்ட் பி உதவாது, மருந்துச் செலவுக்கான பார்ட் டி வேண்டும்.

இல்லத்தில் பதிலே சொல்லாமல் இழுத்தடித்தால் உங்கள் மாநில லாங்-டெர்ம் கேர் ஆம்புட்ஸ்மனிடம் (இல்லங்களில் இருப்பவர்களின் புகார்களைக் கவனிப்பவரிடம்) புகார் செய்யுங்கள். அசிஸ்டட் லிவிங்கும் அவர்கள் வரம்பில் வரும், கட்டணம் கிடையாது. மெடிகேர் பக்கம் சிக்கல் என்றால் 1-800-633-4227. பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை வேறொருவர் எடுத்து வேறு பதில் சொல்வார்.