அப்புச்சி எழுந்து நடந்தால் மெஷினுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, வீட்டுத் திண்ணையிலிருந்து மாட்டுக் கட்டுத்தறிக்கு நாற்பது எட்டு இருக்கும். காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டம், இரண்டு மாடு, ஒரு கிடாரி. கோவையில் ஒரு பஞ்சு மில்லில் முப்பது வருசம் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் நின்றவர், நடுவில் பீடியும் உண்டு, இப்போது நுரையீரல் அடைப்பு நோய், டாக்டர் சீட்டில் சிஓபிடி என்று எழுதுவார். தோளில் ஒரு பை, பைக்குள் இரண்டரைக் கிலோவுக்கு ஓர் ஆக்சிஜன் மெஷின், அதிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய். திண்ணையில் உட்கார்ந்திருக்கும்வரை விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் 93 சதவீதம் காட்டும். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்தால் 84. ஒருநாள் அப்படி வந்து உட்கார்ந்து, மூச்சு அடங்கின பிறகு சொன்னார்: "உக்காந்திருந்தா நல்லாத்தான் ஊதுது கண்ணு, நடந்தா ஊத மாட்டீங்குது."

நான் நம்பவில்லை. மெஷின் பொத்தானை 2-இல் வைத்தால் 2 தானே வரும், வயசான காலத்தில் அப்படித் தோன்றும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் மெஷினோடு வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், யாரும் படிக்காத இடத்தில், பொடி எழுத்தில் ஓர் அட்டவணை இருந்தது. அவர் சொன்னதுதான் சரி. அவர் நடந்தால் மெஷின் ஒவ்வொரு மூச்சுக்கும் குறைத்துத்தான் கொடுக்கிறது.

அது ஏன் என்று புரிய, மெஷின் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அது ஆக்சிஜனை உண்டாக்குவதில்லை, காற்றைச் சலிக்கிறது. நாம் இழுக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன், ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆர்கான். மெஷினுக்குள் சியோலைட் என்ற மணிகள் அடைத்த இரண்டு குப்பிகள். சின்ன கம்ப்ரஸர் ஒரு குப்பிக்குள் காற்றை அழுத்தும்போது நைட்ரஜன் மணிகளில் ஒட்டிக்கொள்கிறது, ஏனென்றால் அதன் மூலக்கூறில் மின்னூட்டம் பரவியிருக்கும் விதத்தால், சியோலைட்டில் இருக்கும் சோடியம், லித்தியம் அயனிகள் ஆக்சிஜனைவிட அதை வலுவாக இழுக்கின்றன. ஆக்சிஜன் மறுபக்கம் வெளியே வருகிறது. குப்பி நிறைந்ததும் அழுத்தத்தை விட்டுவிட்டால் நைட்ரஜன் கழன்று வெளியே போய்விடும், அதற்குள் அடுத்த குப்பி வேலையைத் தொடங்கியிருக்கும். மெஷினிலிருந்து சில விநாடிக்கு ஒருமுறை 'புஸ்' என்று கேட்கிறதே, அந்த நைட்ரஜன்தான். ஆர்கானைச் சலிக்க முடியாது, அது ஆக்சிஜனோடு சேர்ந்தே வந்துவிடும், அதனால் எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் சுமார் 95 சதவீதத்துக்கு மேல் போகாது.

வீட்டில் மூலையில் நிற்கும் பெரிய மெஷின் நிமிடத்துக்கு 5 லிட்டர் விடாமல் கொடுக்கும், ஆனால் அது பதினைந்து கிலோ, 300 வாட்டுக்கு மேல் கரண்ட் தின்னும். தோளில் மாட்டும் மெஷினில் அவ்வளவு பெரிய கம்ப்ரஸருக்கு இடமில்லை, பேட்டரியும் தாங்காது. அது நிமிடத்துக்கு ஒரு லிட்டர் சலித்தெடுத்தாலே பெரிய விஷயம். அதை வைத்து எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் ஒரு மூச்சுக்கு 4 விநாடி, அதில் உள்ளே இழுப்பது ஒன்றேகால் விநாடி மாதிரி, மீதி நேரமெல்லாம் வெளியே விடுவதும் சும்மா இருப்பதும். வெளியே விடும்போது குழாயில் ஆக்சிஜன் வந்தால் அது வீண். இழுப்பதிலும் கடைசி 150 மில்லி காற்று மூச்சுக்குழாயிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிடும், நுரையீரலின் காற்றறைகளுக்குப் போய்ச் சேராது. ஆக, இழுக்க ஆரம்பித்த முதல் அரை விநாடியில் ஒரு சின்ன மடக்கு ஆக்சிஜனைத் தள்ளிவிட்டால் போதும். மூக்குக் குழாயின் மறுமுனையில் ஓர் அழுத்த உணரி உட்கார்ந்திருக்கிறது, மூச்சை இழுக்கத் தொடங்கும்போது குழாயில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமமான அழுத்தம் குறைந்தாலே அதற்குத் தெரிந்துவிடும், உடனே வால்வு திறந்து 'டக்' என்று ஒரு மடக்கு. கேட்டால் ஒரு பல்லி சப்தம் போல இருக்கும்.

இப்போது அந்த அட்டவணை. 2 என்று வைத்தால் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று நான் நினைத்திருந்தேன், அது வெறும் படி எண், லிட்டரே இல்லை. அப்புச்சியின் மெஷினில் 2 என்றால் நிமிடத்துக்கு மொத்தம் 420 மில்லி. 15 மூச்சு விட்டால் மூச்சுக்கு 28 மில்லி. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய் மூச்சு 30 ஆகிவிட்டால் அதே 420-ஐ முப்பதாகப் பங்கு போட வேண்டும், மூச்சுக்கு 14 மில்லி. வீட்டுக்கு விருந்தாளி இரண்டு மடங்கு வந்துவிட்டார்கள், அரிசிம்பருப்பு அதே குண்டாதான். வேறு சில மெஷின்கள் மூச்சு கூடினாலும் ஒவ்வொன்றுக்கும் அதே அளவை வைத்துக்கொண்டு கம்ப்ரஸரை வேகமாக ஓட்டும், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு, எல்லை வந்தவுடன் மடக்கு சிறுத்துப்போகும். இன்னொன்று, மேல்மூச்சு வாங்கும்போது ஆள் வாயால் இழுக்க ஆரம்பித்துவிடுகிறார், மூக்கில் அழுத்தம் குறைவது மங்கலாகிவிடுகிறது, சில மூச்சுகளை உணரி பிடிக்காமலே விட்டுவிடும்.

உடம்பு இதை எப்படிச் செய்கிறது என்று பார்த்தால் மெஷின் மேல் கொஞ்சம் பரிதாபம் வரும். எழுந்து நடந்தால் கால் தசை ஆக்சிஜனைத் தின்னும், ரத்தத்தில் கரியமில வாயு ஏறும், மூளை அதைப் பார்த்து மூச்சைக் கூட்டும் என்றுதான் பள்ளியில் படித்தோம். அது பாதிதான். 1913-இல் கோபன்ஹேகனில் ஆகஸ்ட் க்ரோக், யோஹான்னஸ் லிண்ட்ஹார்ட் என்ற உடலியல் ஆய்வாளர்கள் இருவரும், உழைப்பு தொடங்கியதுமே, ரத்தத்தில் மாற்றம் வந்து சேருவதற்குள்ளேயே, மூச்சு கூடிவிடுவதைக் காட்டினார்கள். காலுக்கு 'நட' என்று உத்தரவு போகும்போதே மூச்சுக்கும் ஒரு நகல் போகிறது, அசையும் கைகால்களிலிருந்தும் சேதி வருகிறது. அதற்குப் பின்னால் தான் கழுத்துத் தமனியில் அரிசி மணி அளவுக்கு இருக்கும் உணரிகளும் மூளைத்தண்டில் இருப்பவையும் ரத்தத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்கும். முதலில் ஊகம், பிறகு திருத்தம். மெஷினுக்கு அந்த உத்தரவின் நகல் வருவதில்லை. வெளியே நின்று வேறு ஏதாவது அடையாளத்தைப் பார்த்துத்தான் அது கண்டுபிடிக்க வேண்டும்.

எதைப் பார்ப்பது? விரல் ஆக்சிமீட்டரைப் பார்க்கலாம். சிவப்பிலும் அகச்சிவப்பிலும் இரண்டு ஒளியை விரல் வழியே அனுப்பி, ரத்தம் எந்த ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று கணக்குப் போடும் கருவி, 1970களில் ஜப்பானில் டகுவோ அவோயாகி கண்டுபிடித்த வழி. அதோடு இணைத்து, சாச்சுரேஷன், அதாவது அந்த ஆக்சிஜன் சதவீதம், இறங்கினால் ஆக்சிஜனைக் கூட்டி, ஏறினால் குறைக்கும் தானியங்கி முறைகளை மருத்துவமனைகளில் சோதித்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நுரையீரலில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்பது விரலுக்கு வந்து தெரிய அரை நிமிடம் போல ஆகிவிடும், அதற்குள் அப்புச்சி கட்டுத்தறிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். கை ஆடினால் எண்ணும் ஆடும். கருத்த தோலில் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் பழக்கமும் அதற்கு உண்டு, வெயிலில் காய்ந்த நம் ஊர் ஆட்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

அசைவைப் பார்க்கலாம். உங்கள் போனில் அடியெண்ணும் சில்லு இருக்கிறதே, மயிரிழை சிலிக்கான் ஸ்பிரிங்கில் தொங்கும் துளி எடை, அதைத் தோள்பையில் வைத்தால் எழுந்த முதல் எட்டிலேயே தெரிந்துவிடும். இந்த யோசனையில் பேஸ்மேக்கர்காரர்கள் ரொம்ப முன்னால் போய்விட்டார்கள், 1980களிலேயே உடம்பின் அசைவைப் பார்த்து இதயத் துடிப்பைக் கூட்டும் பேஸ்மேக்கர் வந்துவிட்டது. அதில் அவர்கள் பட்ட பாடுதான் எனக்குப் பிடித்த கதை. படி ஏறும்போது கால் மெதுவாக விழுகிறது, இறங்கும்போது 'தொம் தொம்' என்று விழுகிறது, அசைவு உணரிக்கு இறங்குவதுதான் பெரிய உழைப்பாகத் தெரிந்தது. சென்னிமலையில் 1320 படி ஏறும்போது சும்மா இருந்துவிட்டு, சாமி கும்பிட்டு இறங்கும்போது துடிப்பை ஏற்றினால் எப்படி இருக்கும்! பிறகு மூச்சையும் சேர்த்துப் பார்க்கும் பேஸ்மேக்கர்கள் வந்தன, அவற்றையும் கையை வீசியே ஏமாற்றலாம்.

ஆக்சிஜன் மெஷினிலும் அதே தலைவலிதான். தாராபுரம் ரோட்டில் டவுன் பஸ்ஸில் போனால் உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு குலுங்கும். இதையாவது பிரித்துவிடலாம், நடை என்பது விநாடிக்கு ஒன்றரை, இரண்டு எட்டு என்ற தாளத்தில் வருவது, பஸ்ஸின் அதிர்வு வேறு தாளம். குந்த வைத்துப் பால் கறப்பதை என்ன செய்வது? பை அசையவே அசையாது, கையோ நிற்காமல் வேலை செய்கிறது. அடைப்பு நோய்க்காரர்களுக்குக் கால்வேலையைவிடக் கைவேலைதான் சீக்கிரம் மூச்சு வாங்கும், தோள், கழுத்துத் தசைகளை அவர்கள் மூச்சுக்கே கடன் வாங்கியிருப்பதால். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி மெல்ல நடப்பவர் வெறுங்கையோடு வேகமாக நடப்பவரைவிட அதிகம் உழைக்கிறார், சில்லுக்கு அவர் சோம்பேறி. அதனால் அசைவு, மூச்சின் வேகம், சாச்சுரேஷன் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதுதான் சரியான வழி என்று எனக்குப் படுகிறது: அசைவு முதலில் ஊகிக்கட்டும், மூச்சு உறுதி செய்யட்டும், விரல் கடைசியில் திருத்தட்டும். உடம்பு செய்வதும் ஏறக்குறைய அதுதானே.

முகமூடி மாட்டிக் காற்றை அழுத்தித் தரும் பைபாப், வென்டிலேட்டர் பக்கமும் இதே கோளாறு இன்னொரு வேஷத்தில் இருக்கிறது. சில முறைகளில் 'ஒரு மூச்சுக்கு 500 மில்லி போய்ச் சேர வேண்டும்' என்று இலக்கு வைப்பார்கள், மெஷின் அதற்கேற்ப அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். தூக்கத்தில் மூச்சு தளர்ந்தால் இது அருமையாக வேலை செய்யும். ஆனால் முழித்துக்கொண்டு உழைப்பவர் தானே பலமாக இழுத்து 600 எடுத்தால், 'இவருக்கு என் உதவி வேண்டாம் போலிருக்கிறது' என்று அது அழுத்தத்தைக் குறைத்துவிடும். இதற்கு நேர் எதிரான முறையும் உண்டு. மூச்சை இழுக்கும் உதரவிதானத் தசைக்கு வரும் மின்சேதியை, மூக்கு வழியே உணவுக்குழாயில் இறக்கிய மெல்லிய குழாயில் உள்ள மின்முனைகளால் கேட்டு, சேதி எவ்வளவு பலமோ அவ்வளவு அழுத்தம் தருவது. 1999-இல் கிறிஸ்டர் சிண்டர்பி குழுவினர் எழுதியது இது. சற்று முன் சொன்னேனே, மெஷினுக்கு உத்தரவின் நகல் வருவதில்லை என்று, இங்கே வருகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில்தான், மூக்கில் குழாயோடு யார் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போவது.

தானாக மாறுவதெல்லாம் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். தூக்கத்தில் மூச்சுக்கு மூச்சு தன்னை மாற்றிக்கொள்ளும் ஒரு வகை மெஷினை, இதயம் நன்றாகத் தளர்ந்தவர்களுக்கு வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2015-இல் வெளிவந்தது, மூச்சு சீரானது, ஆனால் இதய நோயால் இறந்தவர்கள் கூடிவிட்டார்கள். அப்புச்சி மாதிரி ஆட்களுக்கும் ஆக்சிஜன் ஏறிக்கொண்டே போவது ஆபத்து, கரியமில வாயு தேங்கிப்போகும், அதனால்தான் அவர்களில் பலருக்கு டாக்டர்கள் 88 முதல் 92 வரை போதும் என்கிறார்கள். வீட்டில் நாமாகவே 5-க்குத் திருப்பி வைக்கக் கூடாது.

சரி, அவருக்கு என்ன செய்தோம்? அவருடைய மெஷினில் 'ஆட்டோ' என்று போட்டிருந்தது, விசாரித்தால் அந்த ஆட்டோ தூக்கத்தில் மூச்சு மெலிந்தால் உணரியைக் கூர்மையாக்குவதற்கு மட்டும். கோவையில் நெஞ்சு டாக்டர், பைக்குள் இருக்கும் அதே மெஷினோடு அவரை ஆஸ்பத்திரி வராந்தாவில் 6 நிமிடம் நடக்க வைத்துப் பார்த்தார், உட்கார்ந்தால் 2, நடந்தால் 4 என்று சீட்டில் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார். இன்னொன்றும் சொன்னார். இந்த நோயில் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் கஷ்டம், குழாய்கள் பாதியில் மடங்கிக்கொள்ளும், வேகவேகமாக மூச்சு விட்டால் பழைய காற்று வெளியேறும் முன் புதுக்காற்று வந்து நெஞ்சுக்குள் அடைந்துகொண்டே போகும். அதற்கு எந்த ஆக்சிஜனும் உதவாது. உதட்டைக் குவித்து, அடுப்பு ஊதுகிற மாதிரி மெல்ல நீளமாக விட்டால் குழாய்கள் திறந்து நிற்கும், மூச்சின் எண்ணிக்கையும் குறையும்.

எண்ணிக்கை குறைந்தால் மடக்கு பெரிதாகும் என்று நான் 420-ஐ வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்புச்சி காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "கிடாரி கத்துது பாரு" என்று சொல்லிவிட்டு, எழுவதற்கு முன்னாலேயே பொத்தானை 4-க்குத் தள்ளி, சுவரைப் பிடித்தபடி நாலு மூச்சு நின்று, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டே இறங்கி நடந்தார். திரும்பி வந்தபோது விரலில் 89.