கேட்கீப்பர் என்றால் வாயிற்காவலரா?

தற்கொலைத் தடுப்புப் பயிற்சிகளில் 'வாயிற்காவலர்' என்றொரு சொல் புழங்குகிறது. கையேட்டில், துண்டறிக்கையில், சான்றிதழில் என்று எங்கும் அதுதான். அண்மையில் வியாசர்பாடியில் ஒரு சமுதாயக் கூடத்து பேனரிலும் பார்த்தேன். சுய உதவிக் குழுப் பெண்கள் அதைப் படித்துவிட்டு, "செக்யூரிட்டி வேலைக்கா ஆள் எடுக்குறாங்க?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

மூலச்சொல் கேட்கீப்பர். கேட் என்றால் கதவு, கீப்பர் என்றால் காப்பவர். மனநலத் துறையில் அதன் பொருள் வேறு. ஆசிரியர், செவிலியர், குழுத் தலைவி என்று தினமும் பலரோடு பழகுகிறவர், மனம் உடைந்திருப்பவரை அடையாளம் கண்டு, சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டு, மருத்துவரிடமோ 14416 டெலி மானஸ் உதவி எண்ணிலோ சேர்த்துவிட வேண்டும். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. உதவிக்கான வாசல் இவரால் திறக்கிறது என்பதால்தான் அந்தப் பெயர்.

நம் வாயிற்காவலரோ வாசலை மறிப்பவர். ஆஸ்பத்திரி வாசலில் "பாஸ் இருக்கா?" என்று நிறுத்துகிறவர். அதைவிடப் பெரிய கோளாறு 'காவலர்'. தமிழ்நாட்டில் காவலர் என்றால் போலீஸ்தான். தற்கொலை முயற்சியை இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு பல தலைமுறைகளாகக் குற்றமாக வைத்திருந்தது. கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து டாக்டரிடமே உண்மையை மறைத்த குடும்பங்கள் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்றது. சட்டம் இறங்கி வந்த பிறகும் மொழிபெயர்ப்பாளர் காவலரை மறுபடி வீட்டுக்கு அனுப்புகிறார். ராயபுரத்திலோ காசிமேட்டிலோ ஒரு தாய் தன் மகனைப் பற்றி 'காவலரிடம்' வாய் திறப்பாளா?

காப்பதைவிடக் கேட்பதுதான் உயிரைப் பிடித்து வைக்கிறது என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து நாடுகளின் ஊர்களில் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருடன் சற்று நேரம் பேசிவிட்டு, அடுத்த 18 மாதங்களில் போனிலோ நேரிலோ போய் எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் பின்னர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

சரி, வேறு என்ன சொல்லலாம்? 'கேட்கீப்பர்' என்றே விட்டால், கொருக்குப்பேட்டைப் பக்கம் அது ரயில்வே கேட்டைப் போடுபவர். பழந்தமிழில் அருமையான சொல் இருக்கிறது: 'வாயில்'. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே தூது நிற்கும் தோழி, பாணன், விறலி முதலானோரைத் தொல்காப்பியம் வாயில்கள் என்கிறது. பொருள் கனகச்சிதம், ஆனால் இன்று வாயில் என்றால் கதவுதான் நினைவுக்கு வரும். 'ஆற்றுப்படுத்துநர்' இன்னும் நெருக்கம். ஆறு என்றால் வழி. பரிசில் பெற்ற பாணன் பெறாதவனுக்கு வள்ளலிடம் போக வழி சொன்னதுதான் ஆற்றுப்படை. ஆனால் 'ஆற்றுப்படுத்துநர்' என்ற சொல்லைக் கவுன்சலருக்குக் கொடுத்துவிட்டோம். போதாக்குறைக்கு, பலர் அதை மனத்தை ஆற்றுவது என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் சொல்வது 'கைகொடுப்பவர்'. அடையாளம் காண்கிற வேலை அதில் முழுதாக அடங்கவில்லைதான். ஆனால் ஆபத்தில் யார் கைகொடுத்தார்கள் என்று நாம் அன்றாடம் பேசுகிறோம்; யாரும் பொருள் கேட்க மாட்டார்கள். தூய தமிழ் வேண்டும் என்பதில் எனக்கும் பிடிவாதம் உண்டு, இதுவும் தூய தமிழே. அகராதியில் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அதைக் கலைச்சொல் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மனநலச் சொற்களை அச்சுக்கு அனுப்பும் முன், அவற்றைக் கேட்கப்போகும் தெருவில் நாலு பேரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும்.